கோயிலுக்குப் போகிற பால்

என்னோடு சேர்ந்து நரைத்தவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். வீட்டில் இருக்கிற சின்னதுகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "வாத்தியாரே இல்லாம எப்படிப் படிப்பீங்க லா? சும்மா கதை விடாதீங்க" என்று கைகொட்டிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன் என்று பையைச் சுமந்து ஓடுகிறவர்களிடம், "உனக்கு என்ன வேணும்?" என்று ஒரு பெரிய மனுஷி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு வெற்றிலை மென்றாள் என்றால் நம்புவார்களா? எங்களுக்கே அப்போது நம்பிக்கை வரவில்லை.

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிது. தேக்காவில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். பஃபலோ ரோட்டில் நடந்தால் ஒரு பக்கம் வைக்கோல் வாசனை, இன்னொரு பக்கம் மாட்டுக்குப் போடுகிற அன்னாசித் தோல் புளித்த வாசனை. அந்த இரண்டும் சேர்ந்து மழையில் நனைந்தால் வருகிற வாசனை இன்றும் என் மூக்கிலேயே இருக்கிறது. உங்களில் யாருக்காவது அது மறந்துவிட்டது என்றால், நீங்கள் தேக்காக்காரர் இல்லை, போங்கள்.

எங்கள் அப்பா பால்காரர். அந்த வட்டாரத்தில் அவர் பாலுக்குப் பேர் இருந்தது. பிள்ளைகளுக்கென்று ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமும் இருந்தது. பள்ளிக்கூடம் என்றால் ஒரு வாத்தியார், ஒரு பிரம்பு, அவ்வளவுதான். ஒரு தை மாதத்தில் வாத்தியார் "ஊர்வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று கப்பல் ஏறினார். பிரம்பு மட்டும் மூலையில் நின்றது. ஆள் திரும்பவில்லை. சின்னப் பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் சேர்த்துவிட்டார்கள். பதிமூன்று, பதினாலு வயதுக்காரர்களான எங்களை எந்தப் பள்ளியும் சீண்டவில்லை. தெருவில் நின்றோம்.

அப்போதுதான் சின்னம்மா வந்தாள். அம்மாவின் தங்கை. பினாங்கில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவள். டாக்டர் குடும்பம் சீமைக்குப் போய்விட, எங்கள் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அவளைப் போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை என்று அப்பா சொல்வார். ஒரு நாள் அவள், பக்கத்து வீட்டு மாட்டு முதலாளியின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தவள், திரும்பி வந்து, "உங்களுக்கு ஒரு இடம் பிடிச்சாச்சு" என்றாள்.

மாட்டு முதலாளி எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்த ராவுத்தர். பெரிய வியாபாரி. கோமாரி வந்து மாடுகளை வேறு இடத்துக்கு ஓட்டிப் போன பிறகு அவருடைய ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. "தீபாவளிக்கு அப்புறம் புது மாடு இறங்கும். அதுவரைக்கும் புள்ளைங்க இருந்துட்டுப் போகட்டும்" என்று கொடுத்துவிட்டார். சாணியை வாரி, சுண்ணாம்பு அடித்து, நாங்கள் நாலு பேர் உள்ளே நுழைந்தோம். நான், என் அண்ணன், முதலாளியின் மகள், பின்தெருச் சலவைக்காரர் மகன்.

சின்னம்மா ஒரு பாயை விரித்து உட்கார்ந்தாள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். அண்ணன் பழக்கதோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உனக்கு என்ன வேணும்?" என்றாள்.

"பாடம்."

"என்ன பாடம்?"

"நீங்க சொல்றதுதான்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. நான் வாத்தியாரா? உனக்கு எதைக் கத்துக்கணும்னு கை துறுதுறுங்குதோ அதைச் சொல்லு. தெரிஞ்ச ஆளைத் தேடிக் கூட்டிட்டு வா. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். பால்காரன் மவனுக்கு இதைக்கூட நான்தான் சொல்லணுமா?"

சுவரை ஒட்டி மாடு கட்டுகிற கட்டுத்தறிகள் வரிசையாக இருந்தன. ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தாள். எதைப் படிக்க ஆசையோ அதற்கு அடையாளமாக ஒரு பொருளைத் தன் தறியில் மாட்டிவிட வேண்டும். ஆசை மாறினால் பொருளை மாற்றிக்கொள்ளலாம். அது ஒன்றுதான் அங்கே சட்டம்.

அண்ணன் மறுநாளே ஒரு கிழிந்த பட்டத்தை மாட்டினான். அவன் பட்டம் ஒவ்வொரு தடவையும் மேலே போவதற்குள் குட்டிக்கரணம் அடித்து விழும், தெருவே சிரிக்கும். அந்த ரோஷம் அவனுக்கு. முதலாளியின் மகள் தச்சர் இழைப்புளியிலிருந்து உதிர்ந்த ஒரு மரச்சுருளை மாட்டினாள். அவளுக்கு ஐந்து அண்ணன் தம்பிகள். அவள் எதை வைத்தாலும் ஒருத்தன் எடுத்துவிடுவான். பூட்டுப் போட்ட ஒரு பெட்டியைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்பது அவள் வெறி. சலவைக்காரர் மகன் டிராம் டிக்கெட் ஒன்றை மாட்டினான். "குதிரையும் இல்ல, மாடும் இல்ல, நீராவியும் இல்ல. அப்புறம் எது இழுக்குது? எனக்கு அது தெரிஞ்சாகணும்" என்றான்.

என் தறி காலியாக இருந்தது.

நான் என்ன, சும்மாவா இருந்தேன்? ஒரு நாள் ஊசி நூல் மாட்டினேன். மறுநாள் எடுத்துவிட்டேன். ஒரு வாரம் கரண்டி தொங்கியது. மல்லிகைப் பதியன் தொங்கி வாடிப் போனது. எதன் மேலும் எனக்குக் கை துறுதுறுக்கவில்லை. "சின்னம்மா, எனக்கு என்ன வேணும்னே தெரியல" என்று அழுதேன். "தெரியலைன்னா சும்மா இரு. அதுக்கும் இங்க இடம் இருக்கு" என்று பாயை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். மற்ற மூன்று பேருக்கும் ஆசை இருந்தது, எனக்கு ஓட்டை இருந்தது. பதிமூன்று வயதில் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பாருங்கள், ஆசை இருந்த மூன்று பேருக்கும் வாய் இல்லை. தெரிந்த ஆளைக் கூட்டிவர வேண்டுமே! அண்ணன் வீட்டில் புலி, தெருவில் எலி. முதலாளி மகள் தெருவில் இறங்கக்கூடாது. சலவைக்காரர் மகன் டிராம் கொட்டகை வாசல்வரை போய், காவல்காரரின் மீசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீ சும்மாதானே இருக்கே, போய்க் கேளேன்" என்றார்கள்.

போனேன். சும்மா போகலாமா? நாங்கள் பால்காரர்கள். ஒருவரைப் பார்க்கப் போனால் பாலோடு போவதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சின்னப் பித்தளைத் தூக்கில் பாலை ஊற்றிக் கொடுத்தாள். வயிற்றில் ஒரு நசுங்கல் விழுந்த தூக்கு அது. அன்று மத்தியானம் அப்பா, "ஒரு தூக்குப் பால் குறையுதே?" என்றபோது அம்மா கண்ணை இமைக்காமல், "கோயிலுக்குக் குடுத்தனுப்பினேன். அபிஷேகத்துக்கு" என்றாள்.

அப்பா கையைக் கூப்பினார். "தினமும் அனுப்பு" என்றார்.

அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து தினமும் ஒரு தூக்குப் பால் அம்மனுக்கு என்று புறப்பட்டது. அப்பா சாயங்காலம் கோயில் வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "பால் ஒழுங்கா வருதா சாமி?" என்று பூசாரியைக் கேட்பாராம். ஆளாளுக்கு அனுப்புகிற பாலில் எது யாருடையது என்று பூசாரி கண்டாரா, "வருது, வருது, அம்பாள் குளிர்ந்து போயிட்டா" என்பாராம்.

முதலில் சீனத் தச்சர். கால்வாய்ப் பக்கம் கடை வைத்திருந்தார். கால் வைக்கிற இடமெல்லாம் மரச்சுருள், மணமான மணம். அவருக்கும் எனக்கும் பொதுவாகச் சந்தை மலாய் நாலு வார்த்தை. தூக்கை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தவர் முகம் ஒரு மாதிரியாகி, பிறகு சிரித்து, "பாகூஸ், பாகூஸ்" என்றார். நல்லது, நல்லது என்று அர்த்தம். வாரம் இரண்டு நாள் கொட்டகைக்கு வந்து, முதலாளியின் மகளுக்குப் பலகை இழைக்கக் காட்டிக்கொடுக்க ஒத்துக்கொண்டார். அவள் அம்மா கூடவே உட்கார்ந்து பாக்கு வெட்டுவாள் என்பது ஏற்பாடு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தினமும் பாகூஸ். ஒரு நாள் தூக்கை மறந்து வைத்துவிட்டு எடுக்கத் திரும்பிப் போனேன். கடைப் பின்புறம் ஒரு வெள்ளைப் பூனை, வயிறு பலாப்பழம் மாதிரி, என் அப்பாவின் பாலை நக்கிக்கொண்டிருந்தது. தச்சர் பக்கத்தில் குந்தி அதைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாவம், காதுவரை சிவந்துவிட்டது. தங்கள் வீட்டில் யாரும் பால் குடிப்பதில்லை, அந்த வாசனையே ஆகாது, சின்னப் பிள்ளை அன்போடு கொண்டுவருகிறதே என்று வாங்கிக்கொண்டேன் என்று பாதி மலாயிலும் பாதிச் சைகையிலும் சொன்னார்.

அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்கு ஒன்று தோன்றியது. பால் வேண்டாதவர்களும் உலகத்தில் உண்டா! பால்காரர்களான எங்களைத் தவிர வேறு யார் இந்தத் தப்பைச் செய்வார்கள் சொல்லுங்கள். "அப்போ உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். சின்னம்மாவின் கேள்வி என் வாயிலிருந்து வந்தது. தச்சர் யோசித்து, பூனையைக் காட்டினார். அது குட்டி போடப் போகிறது, குட்டிகளை யாராவது எடுத்துப் போனால் போதும், கடை முழுக்கப் பூனையாகிவிடும் போலிருக்கிறது என்றார்.

அதன் பிறகு யாரைப் பார்க்கப் போனாலும் தூக்கை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு, முதலில் கேட்டுவிடுவேன்.

டிராம் கொட்டகையில் மின்சார வேலை பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மீசைக் காவல்காரரை நான் எப்படித் தாண்டினேன் என்பது தனிக்கதை, அவருக்கு மோர் என்றால் உயிர் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். மின்சாரக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆரைத் தேடுறீர்?"

"உங்களைத்தான். உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கோ?" அவர் சிரித்துவிட்டார். "எனக்கு நல்ல பசும்பாலிலை ஒரு தேத்தண்ணி வேணும். இஞ்ச டின் பால் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப் போச்சுது."

முதுகுப்பக்கத்திலிருந்து தூக்கை எடுத்து நீட்டினேன். அந்த மனுஷன் முகம் இருந்ததே! ஞாயிற்றுக்கிழமை தோறும் கொட்டகைக்கு வந்தார். கம்பியும் காந்தமும் கொண்டுவந்து, சலவைக்காரர் மகனுக்கு எதையெதையோ சுற்றிக் காட்டினார். ஒரு நாள் ஒரு சின்னச் சக்கரம் யார் கையும் படாமல் தானே சுழன்றது. சலவைக்காரர் மகன் "ஐயோ" என்று எழுந்து கொட்டகையை மூன்று சுற்றுச் சுற்றி ஓடி வந்தான். சின்னம்மா வெற்றிலையை மெல்ல மறந்து பார்த்தாள்.

பட்டக்காரர்தான் கடைசி. கம்போங் என்கிற குடிசைக் கிராமத்தில் இருந்த மலாய்க்காரர், ஒல்லியாக, கண்ணில் எப்போதும் ஆகாயம். பால் குடிப்பீர்களா என்றதற்கு, குடிப்பேன், ஆனால் அது என் கவலையைத் தீர்க்காது என்றார். அவர் கவலை எலி. பட்டம் ஒட்டுகிற சோற்றுப் பசைக்காக எலிகள் வந்து, கட்டி வைத்த பட்டங்களை எல்லாம் தின்றுவிட்டுப் போயின. இன்னொரு குறையும் இருந்தது. நூலுக்குப் பூச மெல்லிய கண்ணாடித் தூள் வேண்டும். புட்டிக் கண்ணாடி தடிமன், நைஸாக அரையாது.

கால்வாய் ஓரமாக நடந்து திரும்பும்போது என் தலைக்குள் யாரோ விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. பூனை! ஓட்டமாக ஓடினேன். தச்சரின் வெள்ளைப் பூனை நாலு குட்டி போட்டிருந்தது. கண் திறந்து, பால் மறந்ததும் ஒன்றைப் பட்டக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மின்சாரக்காரரிடம் எரிந்துபோன விளக்குகளின் கண்ணாடிக் குமிழ்கள் கூடை நிறையக் கிடந்தன. ஊதினால் உடைகிற மெல்லிசு. அவற்றையும் சாக்கில் கட்டித் தூக்கிப் போனேன். பட்டக்காரர் ஒரு குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏதோ நகை பார்க்கிறவர் போலத் தலையை ஆட்டினார்.

ஆனி, ஆடிக் காற்று முழுவதும் அவர் எங்கள் கொட்டகையில்தான். அண்ணன் விரல் எல்லாம் நூல் அறுத்த கோடு. ஆடி கடைசியில் ஒரு சாயங்காலம் குதிரைப் பந்தய மைதானத்துப் பக்கம் அவன் பட்டம் மேலே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. விழவில்லை. அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு நிறைகிறது.

நான் மட்டும் காலித் தறியோடு இருந்தேன். ஊர் வேறு பேசத் தொடங்கியது. கொட்டகையில் சூதாட்டம் நடக்கிறது என்றது ஒரு வாய். மதம் மாற்றுகிறார்கள் என்றது இன்னொன்று. பால்காரர் பெண் சீனன் கடை, டிராம் கொட்டகை, கம்போங் என்று அலைகிறாள், இன்றைக்கோ நாளைக்கோ வயசுக்கு வரப்போகிறவள் என்று எல்லா வாயும் சேர்ந்து சொன்னது. கடைசியாகச் சொன்னது அப்பா காதில் விழுந்தது.

நாகப்பட்டினத்தில் என் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. பெண் பிள்ளை இல்லாதவள், என்னை அனுப்பு அனுப்பு என்று ஆள் மூலம் சொல்லி விட்டுக்கொண்டே இருந்தாள். அப்படிப் போன பெண்கள் யாரும் திரும்பியதில்லை. அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் அப்பா சோற்றுத் தட்டில் கையை வைத்தபடி, "சரஸ்வதி பூஜை முடிஞ்சதும் இவளைக் கப்பல்ல ஏத்திடறேன்" என்றபோது நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அம்மா ஏதோ சொன்னாள். சின்னம்மா வழக்கம்போல வெற்றிலை மடித்தாள். அப்பா மனதுக்குள் கொஞ்சம் இளகி இருக்க வேண்டும். "சரி. சரஸ்வதி பூஜைக்கு அந்தக் கொட்டகைக்கே வர்றேன். படிச்ச புள்ளைங்க புஸ்தகத்தை வைப்பாங்க. தொழில் பழகினவங்க ஆயுதத்தை வைப்பாங்க. நீ என்ன கத்துக்கிட்டேன்னு சாமி முன்னால வச்சுக் காட்டு. வைக்க ஒண்ணு இருந்தா இரு. இல்லேன்னா கிளம்பு" என்றார்.

நியாயமான பேச்சு. அதுதான் என்னை அதிகமாக அழவைத்தது. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். வைக்க என்னிடம் ஒன்றும் இல்லையே!

கொட்டகைக்குப் போய்ச் சின்னம்மா பாயில் விழுந்தேன். "எதையாவது எடுத்து வச்சுடு. ஊசி நூல் வை. அவருக்கு என்ன தெரியும்?" என்றான் அண்ணன். எனக்கு அது பிடிக்கவில்லை. சாமி முன்னால் பொய்ப் பொருளை வைக்கக்கூடாது என்று பயம். சின்னம்மா என் தலையைத் தடவினாள். "நீ போய் உன் ஆளுங்களைச் சுண்டலுக்குக் கூப்பிட்டுட்டு வா. வந்தவங்களுக்குக் கையில குடுக்க ஆள் வேணும்" என்றாள். அவ்வளவுதான். அப்போது அவள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? உயிர் போகிற நேரத்தில் சுண்டலைப் பற்றிப் பேசுகிறாளே என்று. ஆனாலும் போய் எல்லோரையும் கூப்பிட்டேன். நாகப்பட்டினம் போகிறவள் சொல்லிக்கொள்ளாமல் போகலாமா?

பூஜை நாள் காலையில் எங்கள் வீட்டில் ஒரு கூத்து. வருஷா வருஷம் அப்பா பால் பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் துலக்கி, விபூதி குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார். அவருக்கு அதுதான் ஆயுதம். அடுக்கிவிட்டு நிமிர்ந்தவர், "சின்னத் தூக்கு எங்கே?" என்றார்.

"கோயில்ல இருக்கு" என்றாள் அம்மா.

"நல்ல நாளும் அதுவுமா கோயில்லயே இருக்கட்டும்" என்று அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். சின்னம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். சிரிப்பை அடக்க என்று இப்போது தெரிகிறது.

கொட்டகையில் மாவிலை கட்டியிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் அண்ணன் நூல் சுற்றிய கட்டையையும் பட்டத்தையும் வைத்தான். சலவைக்காரர் மகன் அந்தச் சின்னச் சக்கரத்தை வைத்தான். முதலாளியின் மகளுடைய பெட்டி, தேக்குப் பலகை, பித்தளைப் பூட்டு. முதலாளி அதைத் தூக்கித் தட்டிப் பார்த்தார், மூலையை விரலால் தடவிப் பார்த்தார். "நம்ம வழக்கம் வேற. ஆனா இதுவும் இங்கதானே பொறந்துச்சு" என்று சொல்லி, சற்றுத் தள்ளி ஒரு புதுப் பாயை விரித்து அதன் மேல் வைத்தார். ஐந்து அண்ணன் தம்பிகளும் சுற்றி நின்று பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்னுது எது?"

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பா மெல்லத் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் வெற்றி ஏதும் இல்லை. பொருளை வாங்க வந்து கடை பூட்டியிருப்பதைப் பார்த்தவர் போல நின்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சத்தம். மீசைக் காவல்காரர் முதலில் குனிந்து நுழைந்தார், பின்னாலேயே மின்சாரக்காரர். கை நிறைய வாழைப்பழம். "எங்க எங்கட பிள்ளை?" என்றார். பட்டக்காரர் பூனைக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அது வளர்ந்து தடியாகி இருந்தது. எலியே இல்லை, ஒன்றுகூட இல்லை என்று என்னிடம் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தச்சர் வெள்ளைப் பூனையின் அடுத்த ஈற்றுக் குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும், "பூடா சூசூ!" என்று கூவினார். பால்காரப் பிள்ளையே என்று அர்த்தம். நாலு பேரும் நேரே என்னிடம் வந்தார்கள். அந்தத் தெருக்களில் பத்துப் பதினைந்து வருஷமாகப் பால் ஊற்றுகிற அப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மின்சாரக்காரர்தான் அப்பாவைக் கண்டுபிடித்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கள்தானோ தகப்பன்? ஐயா, உங்கட பால் எண்டால் பால்தான். பிள்ளை கொண்டு வந்து தாற பாலிலைதான் நான் உயிரோடை இருக்கிறன்."

"என் பாலா?" என்றார் அப்பா.

"தினமும் ஒரு தூக்கு! முந்தி இந்தச் சீனருக்குக் குடுத்தவவாம், அவர் பூனைக்குக் குடுத்தவராம்."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா குத்துவிளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். நன்றாக எரிகிற திரியை அவ்வளவு கவனமாகத் தூண்டியவளை நான் பார்த்ததில்லை. அம்பாள் குளிர்ந்தாள் என்று வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்திய மனுஷனுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்! கப்பல் மட்டும் இல்லை, வீட்டில் பிரளயமே வரப்போகிறது என்று நினைத்தேன்.

"இவங்களை எல்லாம் யாரு இங்க கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார் அப்பா.

அண்ணனும் முதலாளியின் மகளும் சலவைக்காரர் மகனும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் மூன்று பேரையும், வந்த நாலு பேரையும் அப்பா ஒவ்வொருவராகப் பார்த்தார். எலி, குமிழ், பூனை என்று பட்டக்காரரும் தச்சரும் ஒரே நேரத்தில் மலாயில் விளக்கத் தொடங்கினார்கள். அப்பாவுக்கு மலாய் நன்றாக வரும். கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் உதடு துடித்தது. கோபமா, சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு நடந்து மூலைக்குப் போனார். அங்கே என் தறிக்குக் கீழே, வைக்கோல் மேல் சின்னத் தூக்கு கிடந்தது. குனிந்து எடுத்தார். வயிற்று நசுங்கலைக் கட்டைவிரலால் தடவினார். வேட்டி முனையால் துடைத்தார். வரிசையில் பட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடம் பண்ணி அதை வைத்தார். குங்குமத்தைத் தொட்டு அதற்கு ஒரு பொட்டு வைத்தார்.

"இது என் புள்ளையோடது" என்றார்.

சின்னம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "சுண்டல் ஆறிப் போகுது" என்றாள். நான் அழுதுகொண்டே எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தேன். தச்சருக்கு அது ரொம்பப் பிடித்தது. இந்தத் தடவை உண்மையாகவே பாகூஸ்.

அந்த வாரக் கப்பலில் அத்தைக்கு ஒரு புடவையும் ஒரு டின் பிஸ்கட்டும்தான் போயின. தீபாவளி முடிந்து முதலாளிக்குப் புது மாடுகள் இறங்கின, கொட்டகை மாடுகளுக்கே போனது. எங்களுக்கு அவர் பின்பக்கத்து வைக்கோல் அறையைக் கொடுத்தார். அதற்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒருத்திக்கு நீச்சல் வேண்டும், ஒருவனுக்கு ரொட்டி சுடத் தெரிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஆள் தேடி நான் அலைந்த கதையைச் சொன்னால் விடிந்துவிடும். சின்னம்மாவைச் சோம்பேறி என்றே கடைசிவரை ஊர் சொன்னது. பிள்ளை பெற்று வளர்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன், ஒரு குழந்தை தவிக்கும்போது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல இடுப்பொடிகிற வேலை வேறு இல்லை.

பட்டம் எப்போதோ கிழிந்துவிட்டது. பெட்டி முதலாளி மகளோடு அவள் புருஷன் வீட்டுக்குப் போனது. தூக்கு என்னிடம்தான் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் பித்தளை, செம்பு என்று வீடு வீடாக வாங்கிக்கொண்டு போனார்களே, அப்போது போய்விட்டது. அதற்காக நான் அழுததை என் வீட்டுக்காரர்கூடப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு நசுங்கின தூக்குக்கா என்றார்.

அவருக்கு விஜயதசமிக் காலை தெரியாது. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்து, ஒரு தடவையாவது தொழில் பண்ணிவிட வேண்டும் என்பது வழக்கமல்லவா? அன்றைக்குக் கண் விழித்து வந்தால் அப்பா மாட்டின் அடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சின்னத் தூக்கு, நெற்றியில் குங்குமத்தோடு. கொட்டகையிலிருந்து அவரே போய் எடுத்து வந்திருக்கிறார். நுரை தளும்பத் தளும்பக் கறந்து ஊற்றினார். மூடியை அழுத்தினார். என்னிடம் நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை, மாட்டைத்தான் பார்த்தார்.

"கோயிலுக்குப் போற பாலு. வழியில சிந்தாம கொண்டு போ."

அடுப்பங்கரையில் அம்மாவுக்கு இருமல் வந்தது. நான் தூக்கை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி, டிராம் கொட்டகைப் பக்கம் திரும்பினேன்.